சேம் சைடு கோல் சித்தப்பா

எங்கள் சித்தப்பா கால்பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் அதிக கோல் போட்டவர் அவர்தான். அத்தனையும் சேம் சைடு கோல்.

டி.வி. வர்ணனையில் இதை 'ஓன் கோல்' என்பார்கள். நம் டீக்கடைக்கும் அரசியல் மேடைக்கும் அது ஒட்டவில்லை. இங்கே 'சேம் சைடு கோல்'தான். தலைவரைப் புகழ ஆரம்பித்து, எல்லோரும் மறந்துபோன பழைய வழக்கை நினைவூட்டிவிட்டு உட்காருவாரே ஒரு பேச்சாளர், அவர் போடுவது அது. முன்பெல்லாம் யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாகச் சொல்வோம். அந்த மண் யானைத் தலையோடு போயிற்று. சேம் சைடு கோலில் போடுகிறவர் ஒருவர், தலைகுனிகிறவர்கள் பதினோரு பேர்.

போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனோம். சித்தி ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேரம் பேசி, ஆயிரத்து எண்ணூறை ஆயிரத்து நானூறுக்கு இறக்கியிருந்தார். பிறகு கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இதே சேலை எதிர்க்கடையில ஆயிரத்து இருநூறுதான் சொன்னாங்க."

கடைக்காரர் முகவாயைத் தடவினார். கால்குலேட்டரை எடுத்தார். ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார். "இல்லையேம்மா, அங்க ரெண்டாயிரம்ல சொன்னான்? அதனாலதானே இங்க வந்தோம்!"

கால்குலேட்டர் கீழே போனது. சித்தப்பாவுக்கு இரண்டாவது காபி வந்தது.

பஸ்ஸிலும் இதே கதை. "பையனுக்கு நாலு வயசுதாங்க" என்று அத்தை கண்டக்டரிடம் சொன்னார். பையன்கூட வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். "நாலா? போன மாசம்தானே ஆறாவது பொறந்த நாளுக்குக் கேக் வெட்டினோம்!" என்றார் சித்தப்பா, அத்தையின் ஞாபக மறதிக்காக உண்மையிலேயே வருந்தியபடி.

ஜாடை காட்டிப் பயனில்லை. கண்ணைக் காட்டினால், "கண்ணுல தூசியா?" என்பார். மேஜைக்கு அடியில் காலை மிதித்தால், "எதுக்கு மிதிக்கிற?" என்று சபை நடுவே கேட்பார்.

ஆனால் அவர்மேல் கோபப்பட முடியாது. கால்பந்தில் சேம் சைடு கோல் அதிகம் போடுகிறவர்கள் யார்? கோலைக் காப்பாற்ற நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள். 2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் குரோஷியாவின் மாண்ட்சுகிச் முன்னணி ஆட்டக்காரர். ஆனாலும் பிரான்ஸின் ஃப்ரீ கிக்கைத் தடுக்கத் தன் கோல் பக்கம் வந்து நின்றார். தலையில் பட்ட பந்து சொந்த வலைக்குள் போய்விட்டது. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் விழுந்த முதல் சேம் சைடு கோல் அது. அதே ஆட்டத்தில் சரியான வலையிலும் ஒன்று போட்டார். குரோஷியா 4-2 என்று தோற்றது. உதவிக்கு வராமல் இருந்திருந்தால் அவர் பெயர் இதில் அடிபட்டிருக்காது. சித்தப்பாவுக்கும் அதே வியாதிதான்.

வேண்டுமென்றே போட்டவர்களும் உண்டு. 2002-ல் மடகாஸ்கரில் ஓர் அணி, முந்தைய ஆட்டத்தில் நடுவர் சொன்ன தீர்ப்பு பிடிக்காமல், தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துக்கொண்டே இருந்தது. முடிவு 149-0. எதிரணி சும்மா நின்று வேடிக்கை பார்த்தது. தன் வலையிலேயே அடித்த அணிக்கு அதற்குக் கோபம் தேவைப்பட்டது. எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு காபி போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கேசரி ஓட்டலில் வாங்குவது, பெண் செய்ததாகச் சொல்வது என்று முடிவாகியிருக்கிறது. வாங்கி வரப்போகிறவர் சித்தப்பா. அன்று காலை பத்து மணியிலிருந்து மாலை வரை அவரை யாராவது உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். போக வர ஆட்டோ செலவு என்னுடையது.