முட்டாள் வேலை

எங்கள் பக்கம் மேசனுக்குக் கையாளாக நிற்பவனை முட்டாள் என்போம். முட்டுக்கு நிற்கிற ஆள்; கல், கலவை, தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன். அது வசைச்சொல் இல்லை, நாட்கூலி உள்ள உத்தியோகம். போன வருடம் நான் அதில் கூலியில்லாமலே சேர்ந்துவிட்டேன்.

மன்னாரில் எங்கள் ஊர் முள்ளிக்குளம். அங்கே வீட்டுச் சுவர் பூச யாரும் அவசரப்படாததற்குக் காரணம் உண்டு. 2007 செப்டெம்பரில் ஊரோடு இடம்பெயர்ந்து, மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தகரத்துக்கும் ஓலைக்கும் கீழே கிடந்த சனம். 2017இல் 38 நாள் தெருவில் குந்தியிருந்த பிறகுதான் ஊரைப் பிடித்திருந்த கடற்படை கொஞ்சக் காணியை விடச் சம்மதித்தது. ஓலைக்குள் இருந்து வந்தவனுக்கு வெறுங்கல் சுவரே மாளிகை.

மனிசிக்கு அப்படியில்லை. "கல்லிடுக்கில பூரான் குடும்பம் நடத்துது. அதுகளுக்கே வீட்டைக் குடுங்கோ, நாங்கள் முத்தத்தில இருக்கிறம்" என்றாள்.

மேசன் வந்து கணக்குச் சொன்னார்: சீமெந்து ஒன்றுக்கு மண் ஐந்து, அரை அங்குலத் தடிப்பு, ஆற்று மண். ஆற்று மண் லோட்டின் விலையைக் கேட்டதும் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது எப்போதாவது வேலை செய்தால் வீட்டுக்குச் செலவுதான். கண்ணுக்கு முன்னால் மன்னார்க் கடற்கரை முழுக்க மண், காசு கேட்க ஆளில்லை. இரவோடிரவாக உரப்பைகளில் அள்ளி வந்து, கிணற்று நீரில் இரண்டு தரம் கழுவினேன். எங்கள் கிணறு உவர்க் கிணறு என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

மேசன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"எந்த ஆறு அண்ணை இது? ட்ரோலர் ஓடுற ஆறோ?"

நான் விடவில்லை. அரிப்பில் கடலோரமாக 1800களின் தொடக்கத்தில் தேசாதிபதி நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகையை, நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்கிறதை, சாட்சிக்கு இழுத்தேன்.

"அது சிப்பி சுட்ட சுண்ணாம்பு அண்ணை. அதுவே இப்ப இடிஞ்சு கடலுக்க போகுது. சரி, பின்னறைக்கு மட்டும் பூசுறன். சொல்லிப்போட்டன்."

கச்சான் காற்றுத் தொடங்கியதும் பின்னறை வியர்த்தது. மண்ணில் இருந்த உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்து, காய்கிறபோது வெள்ளைப் பஞ்சாய்ச் சுவரில் பூத்தது. பெயின்ற் பொக்களித்து, அப்பளம் போல உரிந்து பாயில் விழுந்தது. மனிசி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். "இனிக் கடையில உப்பு வாங்கத் தேவையில்லை."

கொத்தி விழுத்தி மறுபடி பூச வேண்டும். ஆற்று மண்ணுக்குக் கொடுத்த பிறகு கையாளுக்குக் கொடுக்கக் காசில்லை. அப்படித்தான் நான் முட்டாளானேன்.

மேசன் சாந்தகப்பையால் வீசினால் கலவை 'சளப்' என்று சுவரில் ஒட்டி அங்கேயே நிற்கும். ஆசைக்கு நானும் ஒருதரம் வீசினேன். சுவரை ஒரு கணம் பார்த்துவிட்டு என் காலிலேயே விழுந்தது. தேத்தண்ணி குடித்து, அரசியல் பேசி முடித்து வந்தபோது தாச்சியில் இருந்த மிச்சக் கலவை இறுகிக் கல்லாகியிருந்தது. அந்தத் தாச்சியில் இப்போது கோழி முட்டையிடுகிறது. பூசி முடிந்த பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடித்தேன். இந்த முறை பௌசர்த் தண்ணீர்.

எட்டாம் நாள் கதிரையில் சாய்ந்தேன். மனிசி வந்தாள்.

"மேசன் அடுத்த தெருவில வீடு பூசுறாராம். உங்களைக் கேட்டவர். கூலி நான் பேசிப்போட்டன், விடிய ஆறு மணிக்கு நிக்கோணும்."