வியாழக்கிழமைக் கால்கள்

திங்கட்கிழமை மாலை எங்கள் ஜிம்முக்குள் நுழைந்தால், மனித உடம்பில் மார்பைத் தவிர வேறு உறுப்பே கிடையாதோ என்று சந்தேகம் வரும். பெஞ்ச் பிரஸ் பலகை இரண்டுதான். படுத்திருப்பவர் எழுந்தால் போதும், துண்டைப் போட்டு இடம் பிடிக்க நாலு பேர் தயாராக நிற்பார்கள். அதே நேரம் மூலையில் இருக்கும் ஸ்குவாட் கம்பியில் யாரோ சட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார்கள்.

காரணம் சுவரில் ஒட்டியிருக்கிறது. திங்கள் செஸ்ட், செவ்வாய் விங்ஸ், புதன் ஷோல்டர், வியாழன் லெக், வெள்ளி ஆர்ம்ஸ், சனி வயிறு. மதுரையில் நான் எட்டிப் பார்த்த ஜிம்களில் எல்லாம் மாஸ்டர்தான் வேறு வேறு ஆள்; ஆஞ்சநேயர் படம், அர்னால்டு படம், இந்த அட்டவணை மூன்றும் அப்படியே இருக்கும்.

இதில் வியாழன்தான் வேடிக்கை. அன்று காலையிலிருந்தே பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருவருக்குத் திடீரென்று சாய்பாபா பக்தி வரும். இன்னொருவருக்கு மச்சான் ஊரிலிருந்து வருவார். வாராவாரம் வியாழக்கிழமை மட்டுமே வருகிற மச்சான். பேண்ட் போட்ட பிறகு காலை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது இவர்கள் கட்சி. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வேட்டியை மடித்துக் கட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்: இடுப்புக்கு மேலே பீமசேனன், கீழே ஏழாம் வகுப்புப் பையன்.

சாக்குச் சொல்லாமல் வருகிறவனுக்கும் இந்த அட்டவணையில் ஓர் ஆபத்து உண்டு. வியாழக்கிழமை அக்கா மகனுக்குக் காதுகுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? அன்று விட்டுப்போன கால், முந்தைய வியாழனிலிருந்து கணக்குப் பார்த்தால், 14 நாள் கழித்துத்தான் மறுபடி கம்பியைப் பார்க்கும்.

இத்தனைக்கும் சுவரில் இருக்கும் அர்னால்டு மார்பை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் செய்தவர் இல்லை. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆன காலத்தில், வாரத்தில் ஆறு நாள், பல நாட்களில் காலையும் மாலையும் என்று இரும்போடு கிடந்தவர். ஒவ்வொரு தசையையும் வாரத்தில் இரண்டு மூன்று முறை வேலை வாங்கியவர். ஸ்டெராய்டு எடுத்ததையும் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நம் சுவரில் படம் மட்டும்தான் இருக்கிறது.

ஊசி, மாத்திரை எதுவும் இல்லாத உடம்புக்குக் கணக்கு எளிது. நன்றாகத் தூக்கினால், அந்தத் தசையைக் கட்டும் வேலை உடம்புக்குள் ஒன்று, ஒன்றரை நாள் வேகமாக நடக்கும். நீட்டினால் இரண்டு நாள். பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை மார்பு புதன் மாலைக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டு, அடுத்த திங்கள் வரை சம்பளத்தோடு விடுப்பில் இருக்கிறது. பிராட் ஷோன்ஃபெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வாரத்துக்கு ஒருமுறையைவிட இருமுறை மேல் என்று 2016-இல் எழுதினார்கள். 2019-இல் மறுபடி கூட்டிப் பார்த்து, வாரத்தின் மொத்த செட் எண்ணிக்கை சமமாக இருந்தால் எத்தனை நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள்.

இரண்டாவதைச் சொன்னதும் மாஸ்டருக்கு உற்சாகம். "பாத்தீங்களாண்ணே, நம்ம சார்ட்டு தப்பே இல்ல."

"தப்புன்னு யாரு சொன்னா தம்பி? ஒரே நாள்ல பதினாறு செட்டு போடுறவன், பன்னெண்டாவது செட்டுல என்ன செய்றான்னு பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறார். பன்னிரண்டாவது செட்டில் அவன் கண்ணாடி முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பான். அதையே எட்டு எட்டாக இரண்டு நாளில் போட்டால் எட்டும் உருப்படியாக இருக்கும்.

தள்ளுவது, இழுப்பது, கால் என்று மாறி மாறி ஆறு நாளும் செய்கிற புஷ், புல், லெக் என்று ஒன்று இருக்கிறது. நல்ல அட்டவணைதான்: கேஸ் சிலிண்டர் வந்தால் இறக்கிவைக்க வீட்டில் வேறு ஆள் உள்ளவர்களுக்கு. நாலு நாள் கிடைக்கிறவர்கள் மேலுடம்பு இரண்டு நாள், கீழுடம்பு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொண்டது மூன்று நாள், மூன்று நாளும் முழு உடம்பு. ஸ்குவாட், பெஞ்ச், குனிந்து இழுக்கும் ரோயிங், தோளுக்கு ஒரு பிரஸ், தொடையின் பின்புறத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று, நாலு செட். ஒரு நாள் தவறினாலும் எந்த உறுப்பும் அநாதையாகாது. சித்திரைத் திருவிழா, ஆடிக் கிடாவெட்டு, முகூர்த்தம் என்று இத்தனை குறுக்கே வரும் ஊரில் இதைவிட வசதி வேறு இல்லை.

"அது புதுசா வர்ற பசங்களுக்குண்ணே" என்று மாஸ்டர் முகம் சுளித்தார். ஸ்டீவ் ரீவ்ஸ் 1947-இல் மிஸ்டர் அமெரிக்கா, 1950-இல் மிஸ்டர் யுனிவர்ஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு என்பதுதான் அவர் வழக்கம் என்றேன். படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கால் நல்லா இருக்குண்ணே" என்றார்.

சாப்பாட்டுக் கணக்கு தனிக்கதை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும் என்கிறார்கள். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். இதை வீட்டில் சொன்னதும், "அப்ப அம்பத்தாறு இட்லி. மண்டபம் புக் பண்ணிருவமா?" என்று கேட்டாள் மனைவி. முட்டைக்கு 6 கிராம் என்று ஆறுதல் சொல்லிவிட்டேன். புரட்டாசியில் அதுவும் கிடையாது; சுண்டல், தயிர், பருப்பு என்று காலம் தள்ள வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அட்டவணையை மாதாமாதம் மாற்றாதீர்கள். தூக்கும் எடையை ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை ஏறவில்லை என்றால் தூக்கத்தையும் தட்டையும் முதலில் பாருங்கள். ஜிம்மில் யாராவது "மூணே மாசம்ணே" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்துப் பையிலிருந்து ஊசி மருந்தை எடுத்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.