அடிக்குறிப்புல மாட்டிக்கிடுவலே, பேராண்டி

கட்டுரை முடிஞ்சிட்டுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டு அலையுதியாமே. சந்தோசம்ல. உங்க ஆச்சி வேற, பேரன் சட்டப் பத்திரிகையில எழுதுதான்னு பால்காரன் வரைக்கும் சொல்லிட்டா. ஒரு சின்ன விசயந்தான். நீ எழுதித்தான் முடிச்சிருக்க. அனுப்புததுக்கு இன்னும் கிடக்கு சோலி.

இவனுக்கு என்ன தெரியும்னு பாக்குத. சட்டம் எனக்குத் தெரியாதுதான். நான் வக்கீலய்யாகிட்ட குமாஸ்தா. சட்டம் அவருக்குத் தெரியும். காகிதம் கோர்ட்டுக்குள்ள எந்த வழியா நுழையும், எங்கன முட்டிக்கிட்டு நிக்கும்னு எனக்குத் தெரியும். செக்‌ஷன்ல உக்காந்திருக்கவன் பிராதுல என்ன நியாயம் எழுதியிருக்குன்னு பாக்க மாட்டான். கோர்ட் ஃபீ சரியா ஒட்டியிருக்கா, வக்காலத்துல கையெழுத்து இருக்கா, ஆவணப் பட்டியல் வரிசையா இருக்கா, அம்புட்டுதான். ஒண்ணு கொறைஞ்சாலும் 'ரிட்டர்ன்' போட்டு நீட்டிருவான். உன் நியாயம் ஜட்ஜுகிட்ட போகணும்னா மொதல்ல அவன் கையத் தாண்டணும். உன் பத்திரிகையிலயும் அப்பிடி ஒருத்தன் இருக்கான். அங்க அவனுக்குப் பேரு எடிட்டர். வயசு இருபது, இருபத்தொண்ணு இருக்கும்.

சிரிக்காதல. அமெரிக்காவுல ஹார்வர்டு லா ரிவ்யூவ 1887-ல மாணவப் பயலுவ ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் அவங்கதான் நடத்துதாங்க. நம்ம தேசியச் சட்டப் பள்ளிகள்லயும் பல இடத்துல அதே வழக்கந்தான். வாத்தியார் எழுதினதப் பையன் வாங்கிப் பாத்து, 'ஐயா, இது எங்களுக்குச் சரிப்படாது'ன்னு திருப்பி அனுப்புத படிப்பு வேற எங்கயும் உண்டாலே? அந்தப் பயலுக்கு உன் வாதம் சரியா தப்பான்னு சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கும். பதினேழாம் அடிக்குறிப்புல கமா இல்லன்னு சொல்ல ஒரு கூச்சமும் கிடையாது.

அதனால மொதல்ல அவங்க போட்டிருக்க விதியப் படி. எந்த எழுத்து, என்ன அளவு, எத்தன வார்த்தை, அந்தக் கணக்குல அடிக்குறிப்பு உண்டா இல்லையா, எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க. ஆயிரம் பேருக்குத் தீர்ப்பு சொல்லுத சுப்ரீம் கோர்ட்டே 2020-ல உக்காந்து, ஏ4 காகிதம், ரெண்டு பக்கமும் அச்சு, டைம்ஸ் நியூ ரோமன், அளவு 14, வரி இடைவெளி ஒண்ணரைன்னு சுற்றறிக்கை விட்டுது. இடதுபக்கமும் வலதுபக்கமும் 4 சென்டிமீட்டர் விடணும்னு ஸ்கேல் வச்சு அளந்து சொல்லுது. நீ என்னன்னா 'உள்ளடக்கந்தான் முக்கியம் தாத்தா'ங்க. ஆமாய்யா, நீ சுப்ரீம் கோர்ட்டுக்கும் மேல.

உன் காகிதத்தப் புரட்டிப் பாத்தேன். தலைப்புக்கு ஒரு எழுத்து, உள்ள ஒரு எழுத்து. ஒன்பதாம் பக்கத்துல ஒரு பத்தி மட்டும் லேசா சாம்பல் பூத்தாப்புல நிக்கி. வலையில இருந்து அள்ளிக்கிட்டு வந்து ஒட்டியிருக்கன்னு அந்த நிறமே சாட்சி சொல்லுது. திருடினவன் தடயத்தையாவது அழிப்பான். அந்தப் பத்திய உன் பேச்சுல திருப்பி எழுது, யாரு சொன்னதுன்னு கீழ பேரப் போடு. நிறத்த மட்டும் மாத்திட்டு வந்து நிக்காத. இப்ப அதப் பிடிக்கவும் மென்பொருள் வச்சிருக்கான்.

சரி, மேற்கோள் முறைக்கு வருவோம். இதுலதான் உங்க ஆளுங்க ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிடாத குறை. அமெரிக்காவுல 'ப்ளூபுக்'னு ஒரு பொஸ்தகம். 1926-ல பொறக்கும்போது 26 பக்கம். பின்னால ஒரு கட்டத்துல ஐந்நூறத் தாண்டிட்டு. ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியான்னு நாலு பத்திரிகைக்காரங்க சேந்து விக்குதாங்க. விதி கூடக்கூடப் புதுப் பதிப்பு, புதுப் பதிப்பு வந்தா புதுத் துட்டு. ரிச்சர்டு போஸ்னர்னு அங்க ஒரு பெரிய ஜட்ஜு இருந்தாரு. அவரு இந்தச் சனியன் வேண்டாம்னு 1986-லயே எழுதிட்டாரு. 2011-ல திரும்பவும் எழுதினாரு. எந்தப் பத்திரிகையில தெரியுமா? யேல் லா ஜர்னல்ல. பொஸ்தகத்த விக்கிற நாலு பேருல ஒருத்தன் வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து ஏசியிருக்காரு. கில்லாடி மனுசன்.

இங்கிலாந்துக்காரன் வேற தினுசு. ஆக்ஸ்போர்டுல பீட்டர் பர்க்ஸ்னு ஒரு பேராசிரியர் 2000-ல 'ஆஸ்கோலா'ன்னு ஒண்ணக் கொண்டாந்தாரு. அதுல புள்ளிக்குப் பஞ்சம். வழக்குப் பேருக்கு நடுவுல வார 'வி'க்குக்கூடப் புள்ளி கிடையாது. ப்ளூபுக்குல புள்ளி உண்டு. நீ பத்து எடத்துல வச்சிருக்க, பதினஞ்சு எடத்துல விட்டுருக்க. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டிருக்கியோ?

இதெல்லாம் சிங்காரம்னு நெனைக்காத. இங்கனதான் அகப்பட்டுக்கிடுவ. கேசவானந்த பாரதி வழக்க அஞ்சு எடத்துல காட்டியிருக்க. அதுல நாலுல '(1973) 4 எஸ்.சி.சி. 225' அம்புட்டுதான் இருக்கு. அதுல 13 ஜட்ஜு உக்காந்தாங்க, 7-க்கு 6-ன்னு பிரிஞ்சாங்க, தனித்தனியா 11 தீர்ப்பு எழுதினாங்க, எல்லாம் சேத்து எழுநூறு பக்கத்துக்கு நீளுது. அதுல நீ சொல்லுத வரி எந்த ஜட்ஜு எழுதினது, எந்தப் பத்தி? கன்னாவா, சிக்ரியா? நீ போட்டிருக்கறது வழக்கு ஆரம்பிக்கித பக்கம். அதுக்குள்ள நீ போனதுக்கு ஒரு அடையாளமும் இல்ல. படிச்சவன் பத்தி எண்ணப் போடுவான். படிக்காதவன் மொதப் பக்கத்த மட்டும் போட்டுட்டு நழுவுவான். இருபது வயசு எடிட்டருக்கு இது தெரியாதுன்னு நெனைக்காத. அவனும் போன பரீட்சையில இதே வேலையப் பண்ணினவந்தான்.

இன்னொரு எடத்துல அதே வழக்கு 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461'னு நிக்கி. தப்பு ஒண்ணும் இல்ல, ரெண்டும் ஒரே தீர்ப்புக்குப் போற வழிதான். ஏ.ஐ.ஆர்.ங்கற தொகுப்புல 1914-ல இருந்து தீர்ப்பு இருக்கு, நம்ம மெட்ராஸ் லா ஜர்னல் அதுக்கும் முந்தி, 1891. இப்ப 2023-ல இருந்து சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்புக்குத் தானா நம்பர் போடுது. அப்பிடியிருக்க, ஒரே கட்டுரைக்குள்ள ஒரு எடத்துல ஒண்ணு, இன்னொரு எடத்துல வேறன்னு வந்தா என்ன அர்த்தம்? ரெண்டு பேரு கட்டுரையில இருந்து அடிக்குறிப்ப உருவியிருக்கன்னு அர்த்தம். அவங்கள்ல ஒருத்தன் பக்க எண்ணத் தப்பா போட்டிருந்தா, அந்தத் தப்பையும் நீதான் சொமக்கணும். மூலத்த எடுத்துப் பாருல. அதுக்குத்தான கல்லூரியில நூலகம்னு ஒரு கட்டடம் கட்டி ஃபேன் போட்டு வச்சிருக்கான்.

இப்ப ஒரு புதுக் கோட்டித்தனம் கிளம்பியிருக்கு, கேட்டியா. அந்தக் கணினிப் பேச்சுக்காரன்கிட்ட, 'இதுக்கு ஒரு தீர்ப்பு சொல்லு'ன்னா, கூசாம சொல்லுதான். 2023-ல நியூயார்க்குல ரெண்டு வக்கீலுக்கு நடந்துது. ஏவியங்கான்னு விமானக் கம்பெனி மேல வழக்கு. விமானத்துல தள்ளுவண்டி முட்டிக்காலுல இடிச்சிட்டுன்னு ஒருத்தரு போட்டது. சாட்ஜிபிடி சொல்லிச்சுன்னு வக்கீலுங்க கொண்டுபோய்க் காட்டின தீர்ப்புல ஒண்ணு, வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ். பேரு வர்கீஸ்ங்கவும் நம்ம கோட்டயத்துப் பக்கத்து ஆளா இருக்கும்னு நெனச்சிராத. அந்த மனுசன் பொறக்கவே இல்ல. இதுல வேடிக்கை என்னன்னா, இந்த வழக்கு நெசந்தானான்னு அந்தச் சாட்ஜிபிடிகிட்டயே கேட்டிருக்காங்க. ஆமா, நெசந்தான்னு சொல்லியிருக்கு. பொய்ச் சாட்சியக் கூப்பிட்டு 'நீ உண்மையத்தான பேசுத'ன்னு விசாரிச்சா அவன் என்ன சொல்லுவான்? 5,000 டாலர் அபராதம். உன்கிட்ட அம்புட்டுத் துட்டு கிடையாது. எங்கிட்டயும் கிடையாது.

அடிக்குறிப்பு கூடக்கூட மதிப்புக் கூடும்னு எவனோ உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். ஏழு வரி எழுதி அதுக்குக் கீழ இருபது வரி அடிக்குறிப்பு வச்சிருக்க. அமெரிக்காவுல 1987-ல ஒருத்தரு பங்குச் சந்தைச் சட்டத்துல ஒரு பிரிவப் பத்தி எழுதி 4,824 அடிக்குறிப்பு போட்டாரு. அவரு சொன்ன கருத்து யாருக்கும் ஞாபகம் இல்ல, எண்ணிக்கையத்தான் இன்னைக்கும் சொல்லிச் சிரிக்காங்க. ஒரே ஒரு அடிக்குறிப்பால பேரு வாங்கினதும் உண்டு. 1938-ல கரோலின் புராடக்ட்ஸ் வழக்கு. கொழுப்ப எடுத்த பாலுல வேற எண்ணெய்யக் கலந்து விக்கிற சமாசாரம். ஸ்டோன்னு ஒரு ஜட்ஜு அதுல நாலாவது அடிக்குறிப்புல, சிறுபான்மைக்காரங்களப் பாதிக்கித சட்டம் வந்தா கோர்ட்டு இன்னும் உன்னிப்பா பாக்கணுமோன்னு தொட்டுவிட்டுப் போனாரு. பால் வழக்க எல்லாரும் மறந்துட்டாங்க. அந்த நாலாம் அடிக்குறிப்ப இன்னைக்கும் பாடம் எடுக்காங்க. நீ இதக் கேட்டுட்டு, முக்கியமானத எல்லாம் நாலாம் அடிக்குறிப்புலயே கொண்டுபோய் வச்சிராத.

எண்ணக் கையால அடிக்காதன்னும் சொல்லணும். 'மேலே 12-ஆம் குறிப்பைக் காண்க'ன்னு அடிச்சு வச்சிருக்க. நேத்து நடுவுல ரெண்டு குறிப்பச் செருகின. இப்ப 12 எது? போய்ப் பாத்தா அங்க வேற எவனோ உக்காந்திருக்கான். வேர்டுலயே 'கிராஸ் ரெஃபரன்ஸ்'னு ஒரு வசதி இருக்காமே, எண்ணு நகந்தா தானா நகருமாமே. அனுப்புததுக்கு முந்தி ஒருதடவ எல்லாத்தையும் அப்டேட் போட்டுக்க. எனக்கே தெரியுது, உனக்கென்ன கேடு?

அப்புறம் பேரு. படிச்சுப் பாக்கவனுக்கு நீ யாருன்னு தெரியக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கான். நீ மொதப் பக்கத்துல பேர எடுத்துட்ட. கெட்டிக்காரந்தான். ரெண்டாம் பக்கத்துல, 'எனது முந்தைய கட்டுரையில் நிறுவியபடி'ன்னு எழுதியிருக்க. கீழ உன் பேராசிரியருக்கு நன்றி, உங்க ஆச்சிக்கு நன்றி. ஃபைலோட பிராப்பர்ட்டிஸத் தொறந்தா அங்கயும் உன் பேரு இருக்கு. முகத்த மூடிக்கிட்டு ரேசன் கார்டக் கையில பிடிச்ச கதைதான். நன்றிய எல்லாம் தனித்தாளுல வை. ஆச்சிக்கு நான் சொல்லிக்கிடுதேன்.

எங்க அனுப்பணும்ங்கறதுலயும் கூறு வேணும். அமெரிக்காவுல மாணவர் பத்திரிகைகளுக்கு ஒரே கட்டுரைய இருபது எடத்துக்கு ஒண்ணா அனுப்பலாம். ஒருத்தன் சரின்னு சொன்ன உடனே, அவனவிடப் பெரிய பத்திரிகைக்காரன்கிட்ட போயி, 'அங்க ஒத்துக்கிட்டாங்க, நீங்க வெரசா சொல்லுங்க'ன்னு நெருக்கலாம். அது அங்க முறை. இங்கிலாந்துலயும் நம்ம ஊருல நல்ல பத்திரிகைகள்லயும் ஒருத்தன்கிட்ட குடுத்தா அவன் பதில் சொல்லுத வரைக்கும் இன்னொருத்தன் வாசல மிதிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் அனுப்பிட்டு மாட்டிக்கிட்டா, அடுத்த கட்டுரையப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க.

மூணு நாளுல அச்சு, கட்டணம் கொஞ்சந்தான்னு வாட்ஸப்புல வந்துச்சே, அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காத. 'ஐ.எஸ்.எஸ்.என். இருக்கு தாத்தா'ங்க. அது வெறும் பதிவு எண்ணு. தரம் பாத்துக் குடுக்கறது இல்ல. முன்ன பல்கலைக்கழக மானியக் குழு 'கேர்' பட்டியல்னு ஒண்ணு வச்சிருந்துது, அதப் பாத்தாவது தப்பிக்கலாம். 2025-ல அதையும் நிறுத்திப்போட்டாங்க. இனிமே நீதான் பாக்கணும். எடிட்டர் குழுவுல இருக்கவன் நெசமா இருக்கானா, பழைய இதழ்ல வந்த கட்டுரைய நீயே முழுசா படிக்க முடியுதா, பாரு.

திரும்பி வரும்ல. வரத்தான் செய்யும். அதுக்காக மூலையில போயி உக்காந்திராத. கோர்ட்டுல ரிட்டர்ன் ஆன காகிதத்துக்குத் தள்ளுபடின்னு அர்த்தம் இல்ல. குறையச் சரிபண்ணி, சரிபண்ணியாச்சுன்னு எழுதிக் குறிச்ச தேதிக்குள்ள திரும்பத் தாக்கல் பண்ணணும். உங்க பத்திரிகைக்காரனும் திருத்தி அனுப்புன்னுதான் எழுதுவான். அவன் கேட்டத ஒண்ணொண்ணா வரிசைபோட்டு, 'தங்கள் ஆட்சேபம் ஏற்கப்பட்டது, 12-ஆம் பக்கத்தில் திருத்தப்பட்டது'ன்னு பணிவா பதில் எழுது. ஒத்துக்கிட முடியாததுக்குக் காரணத்த ரெண்டே வரியில சொல்லு. ரெண்டாவது ரிவ்யூவர் உன் கட்டுரையப் படிக்காமலே கேள்வி கேட்டிருப்பான், எப்பவும் அப்பிடி ஒருத்தன் உண்டு. அவனுக்குந்தான் 'தங்கள் ஆழ்ந்த வாசிப்புக்கு நன்றி'. மனசு ஆறலன்னா இங்கன திண்ணைக்கு வா, அவன நல்லா வாய் நெறைய ஏசு. இடதுபக்கமா உக்காந்து ஏசு. அந்தக் காது எனக்குக் கேக்காது.