அம்பரப்பர் மலைக்கு ஆகாயக் கணக்கு

தேனி மாவட்டத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று வருவாய்த்துறை மில்லிமீட்டரில் எழுதிவைக்கும். எவ்வளவு நியூட்ரினோத் துகள் பெய்கிறது என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தாரும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து கணித்துவைத்திருக்கிறார்கள். அந்த மாவட்டத்துப் பொட்டிப்புரம் கிராமத்தார் யாரும் மனு கொடுக்கவில்லை. ஆனாலும் கணித்தார்கள்.

துகள்களுக்குக் கணக்கெழுதும் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் லுட்விக் போல்ட்ஸ்மான் என்ற ஆஸ்திரியத் தாடிக்காரர். 1872-ல் அவர் ஒரு சமன்பாடு எழுதினார். போடியில் ஏலக்காய் வியாபாரி பேரேடு எழுதுவதுபோலத்தான்: இந்த இடத்தில், இந்த வேகத்தில் எத்தனை துகள்? மோதலில் உள்ளே வந்தவை வரவு, வெளியே போனவை பற்று. படித்தால் பரம சாது. தீர்க்கப் போனால்தான் சுயரூபம் தெரியும். இடத்துக்கு மூன்று திசை, வேகத்துக்கு மூன்று திசை. ஒவ்வொன்றையும் நூறு கட்டமாகப் பிரித்தாலே ஒரு லட்சம் கோடி கட்டம். நாம் அந்த எண்ணை ஊழல் செய்திகளில்தான் பார்த்திருக்கிறோம்.

நம் நாட்டவரில் இந்தப் பேரேட்டை ஆகாயத்தை நோக்கித் திருப்பியவர் ஹோமி பாபா. விண்வெளியிலிருந்து வரும் எலெக்ட்ரான் காற்றில் மோதி ஃபோட்டானைப் பெறுகிறது. ஃபோட்டான் எலெக்ட்ரான் - பாசிட்ரான் இணையைப் பெறுகிறது. அவை மறுபடி ஃபோட்டானைப் பெறுகின்றன. குடும்பக் கட்டுப்பாடு இல்லாத இந்த வம்சத்தைப் பாபாவும் ஹைட்லர் என்ற விஞ்ஞானியும் 1937-ல் கணக்கில் எழுதினார்கள். அது சராசரிக் கணக்கு. ‘சராசரி இருக்கட்டும், ஏற்ற இறக்கம் எவ்வளவு?’ என்பதைப் பிடித்துக்கொண்டவர் சென்னையின் அல்லாடி ராமகிருஷ்ணன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன். அப்பா தேசத்துக்குச் சட்டம் எழுதினார். மகனோ எந்தச் சட்டத்துக்கும் அடங்காத துகள் கூட்டத்துக்கு 1950-ல் ஒரு கணித முறை எழுதினார். மயிலாப்பூரில் தன் வீட்டுக் கூடத்திலேயே கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அங்கே வந்துபோனார். அதிலிருந்து 1962 ஜனவரி 3-ல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. பிற்பாடு தேனியில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்தில் முன்னணியில் நின்ற நிறுவனங்களில் இதுவும் ஒன்று. ஆக, நம் மலைக்கு மயிலாப்பூர் சம்பந்தமும் உண்டு.

இனி நியூட்ரினோ. விண்வெளிப் புரோட்டான் காற்றில் மோதினால் பையான் பிறக்கும். மின்னூட்டமுள்ள பையானின் ஆயுள் ஒரு நொடியில் நாலு கோடியில் ஒரு பங்கு. அது செத்து மியூவானையும் நியூட்ரினோவையும் விட்டுப்போகும். நியூட்ரினோ பூமியின் மறுபக்கத்திலிருந்து 12,700 கிலோமீட்டர் மண்ணைத் துளைத்துக்கூட வரும். ஆனால் அதைப் பார்க்க விடாமல் மியூவான்கள் கூச்சல் போடும். அவற்றிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் விஞ்ஞானிகள் கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை 1965-ல் பிடித்தும் விட்டார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ரைனஸ் என்ற விஞ்ஞானியின் குழுவும் அதே ஆண்டு பிடித்தது. கட்டுரை அச்சேறியதில் மட்டும் இந்தியா பதினைந்து நாள் முந்தியது. 1990-களின் தொடக்கத்தில் தங்கம் கட்டுப்படியாகாமல் ஆழம் மூடப்பட, நியூட்ரினோக்காரர்கள் நடுத்தெருவுக்கு, அதாவது தரைமட்டத்துக்கு வந்தார்கள்.

புது ஆய்வுக்கூடத்துக்குப் பார்த்த அடுத்த மலை நீலகிரியில் சிங்காரா. அங்கே யானைகள் வழக்கமாக நடக்கும் பாதை. 2009-ல் மத்திய அரசு யானைகள் பக்கம் நின்றது. சுருளியாறு பக்கம் பாருங்கள் என்று கைகாட்டியது. அங்கும் காடு அடர்த்தி. கடைசியில் பொட்டிப்புரம் அருகே அம்பரப்பர் மலை வாய்த்தது. ஒரே கல்லான சார்னகைட் பாறை, இரண்டு கிலோமீட்டர் சுரங்கப் பாதை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டர் கவசம். உள்ளே நியூட்ரினோவைப் பிடிக்க 50,000 டன் காந்த இரும்பு என்று திட்டம். ஜாதகம் அமோகம்.

மலை கிடைத்ததும், கல்லை உடைக்கும் முன்பே கணினியை உடைக்க ஆரம்பித்தார்கள். முன்னெல்லாம் ‘பிள்ளை அப்பன் போன திசையிலேயே போகும்’ என்று வைத்துக்கொண்டு ஒரே திசையில் கணக்குப் போட்டார்கள். எந்தக் குடும்பத்தில் அப்படி நடந்திருக்கிறது? முப்பரிமாணத்தில் போட்டதும், கிடைமட்டத் திசையில் குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்கள் கூடுதலாகத் தலைகாட்டின. சரி, முப்பரிமாணத்திலேயே பகடை உருட்டுவோம் என்றால் வேறு வம்பு. உலகெங்கும் புரோட்டான்களைப் பொழியவிட்டால், அவற்றின் வாரிசுகள் பொட்டிப்புரத்துக் குகை வழியாகப் போகும் வாய்ப்பு அநேகமாகப் பூஜ்யம். எனவே டோக்கியோவின் ஹோண்டா குழு ஒரு தந்திரம் செய்தது. உணர்கருவியை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிக ஆரமுள்ள வட்டமாகப் பாவித்தது. தேனியை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் கேரளா முழுக்க உள்ளே, இலங்கை உள்ளே, கோவாவும் உள்ளே. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவிலான முல்லைப் பெரியாறு அணைத் தாவாவைக் கணினி ஒரு நொடியில் முடித்துவிட்டது. பிறகு சிறிய வட்டத்திலும் கணித்து, இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு ஆரம் பூஜ்யமானால் என்ன விடை வரும் என்று நேர்மையாகத் திருத்தினார்கள். கிலோமீட்டரிலிருந்து குகை வரைக்கும், நானோநொடியிலிருந்து ஆண்டு வரைக்கும் அளவுகோல்களைத் தையல் தெரியாமல் ஒட்டுவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

விடை 2013-ல் வெளியானது. தேனி காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சோம்பல் புரோட்டான்களைப் பூமியின் காந்தப்புலம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் குறைந்த ஆற்றல் நியூட்ரினோ தென்துருவத்தைவிட இங்கே குறைவு. பின்னால் மாதவாரியாகவும் பார்த்தார்கள். நம்மூரில் பருவத்துக்குப் பருவம் பெரிய மாற்றமில்லை. சாரலும் கோடையும் நியூட்ரினோவுக்கு ஒன்றுதான். கணித்தவர்களில் ஒருவர் கஜிதா. 2015-ல் நோபல் பெற்றவர்.

அதே 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மார்ச்சில் வைகோவின் மனுமீது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை கூடாது என்றது. ஊரில் கேட்ட கேள்விகள் எளியவை: மலையில் வெடி வைத்தால் அணைகளுக்கு என்ன ஆகும், ஊற்றுக்கு என்ன ஆகும்? ‘நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது’ என்று பதில் வந்தது. கேள்வி டைனமைட்டைப் பற்றியது.

2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் தன் பங்குக்கு ஒரு வட்டம் போட்டது. ஆரம் ஐந்தே கிலோமீட்டர். அதற்குள், 4.9 கிலோமீட்டரில், கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா சிக்கியது. கேரளாவையே விழுங்கிய கணக்கு, நூறு மீட்டரில் தடுக்கி விழுந்தது. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த அமைப்புக்கு உரிய அங்கீகாரமும் இல்லை. முன்பு கிடைத்திருந்த சுற்றுச்சூழல் அனுமதி நின்றுபோனது. பெரிய வட்டத்தை அத்தனை கவனமாகச் சுருக்கியவர்களுக்கு, இந்தச் சின்ன வட்டத்தைப் போட ஒரு கவராயம் கிடைக்கவில்லை. 2018-ல் சிறப்பு நேர்வாக மறுபடி அனுமதி வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டம் வேண்டாம் என்றது.

இப்போதைக்கு மிஞ்சியது மதுரையில் ஒரு மாதிரிக் கருவி. 50,000 டன்னுக்குப் பதில் 85 டன். மலையும் இல்லை, குகையும் இல்லை, தரைக்கு மேலேயே வேலை. அங்கே அது எண்ணுவது மியூவான்களை. அறுபது வருஷமாக எவற்றிடமிருந்து தப்பிக்க மலை மலையாக அலைந்தார்களோ, அவைதான் இன்று கருவிக்குச் சோறு போடுகின்றன.