மிக்கி மவுஸ் தவணை

எங்கள் வீட்டில் மாதாமாதம் கட்டும் தவணைகள் மூன்று. வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, மிக்கி மவுஸுக்கு ஒன்று. முதல் இரண்டும் எப்போது முடியும் என்று வங்கியில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது, குழந்தைகளுக்குக் கல்யாணம் ஆகி அவர்கள் குழந்தைகளும் பெரியவர்களாகும் வரை ஓடும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது தென் கலிபோர்னியாவில், இர்வைனில். அங்கிருந்து அனாஹைம் டிஸ்னிலேண்டுக்கு, சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் அரைமணிகூட ஆகாது. நெரிசல் இல்லாத சாலையை நான் பார்த்தது 2020-இல்தான். அப்போது டிஸ்னிலேண்ட் மூடியிருந்தது.

அந்த மார்ச்சில் மூடியவர்கள் 2021 ஏப்ரல் 30-ஆம் தேதிதான் திறந்தார்கள். இடையில் பழைய ஆண்டுச் சீட்டுத் திட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, 2021 ஆகஸ்டில் ‘மேஜிக் கீ’ என்று புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். இமேஜின், என்சான்ட், பிலீவ், ட்ரீம் என்று நாலு ரகம். அன்றைக்கு மலிவான ரகம் 399 டாலர், உயர்ந்தது 1,399. கலிபோர்னியாக்காரர்கள் மாதத் தவணையில் கட்டலாம். மலிவு ரகம் வாரக் கடைசிகளில் அநேகமாகச் செல்லாது, கோடை விடுமுறையில் செல்லாது, கிறிஸ்துமஸ் சமயத்தில் செல்லாது. அதாவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் நாளில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு. அதனால் எல்லாக் குடும்பஸ்தர்களையும் போல நாங்களும் நடு ரகத்தில் போய் விழுந்தோம்.

மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். அதனால் என் மகனின் மூன்றாவது பிறந்த நாளன்று வீடெல்லாம் பலூன் தொங்க, என் கணவர் முகத்தில் மட்டும் களையில்லை. வீடியோவில் வாழ்த்துச் சொல்ல வந்த அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ரெண்டே முக்கால்னு சொல்லேன்டி, அவன் என்ன ஜாதகமா பாக்கப் போறான்? திருச்சி டவுன் பஸ்ல உனக்கு அஞ்சு வயசு முடியவே ஏழு வருஷம் ஆச்சு” என்றாள். இங்கே சீட்டுக்காரர் ஒவ்வொருவரையும் போட்டோ பிடித்துக் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். அம்மாவின் அனுபவமெல்லாம் வீண்.

இனி என் கணவரின் கணக்குக்கு வருகிறேன். நாங்கள் வாங்கியபோது பிலீவ் சீட்டு 949 டாலர். வாங்கிய கையோடு ஒருமுறை போனால், அன்றைய நுழைவுக் கட்டணம் தலைக்கு 949. இரண்டாம் முறை போனால் சராசரி 474.50. பத்தாம் முறை 94.90. கூட்டமான நாளில் வாசலில் வாங்கும் ஒரு நாள் டிக்கெட் இப்போது 200 டாலரைத் தாண்டிவிட்டது. ஆகவே நாம் போகப்போக லாபம், போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் நஷ்டம் என்று எக்செல் தாளில் போட்டுக் காட்டுவார். அந்தத் தாளில் பார்க்கிங்குக்குக் கட்டம் கிடையாது, பாப்கார்னுக்குக் கட்டம் கிடையாது. மிக்கி காது வைத்த தலைப்பட்டி எங்கள் வீட்டில் எத்தனை இருக்கிறது என்பதற்கும் கட்டம் கிடையாது. இரண்டு காது உள்ள என் மகளுக்கு அத்தனை காதுகள் எதற்கு என்று கேட்டால், லாபத்தில் வாங்கியது என்பார்.

சீட்டு இருந்தால் மட்டும் போதாது, வரும் நாளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டு 90 நாளுக்குள் மூன்று முறை போகாமல் இருந்தால், 30 நாளைக்குப் புதிதாகப் பதிய முடியாது என்று ஒரு விதி உண்டு. ஆபீஸ் கூட்டத்துக்கு ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மனுஷர், இந்த விதிக்குப் பயந்து பல்வலியோடு வந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு யானை டம்போவில் சுற்றியிருக்கிறார்.

பையனுக்கு வேறு கவலை. ஸ்பேஸ் மவுன்டனில் ஏற 40 அங்குல உயரம் வேண்டும். மேட்டர்ஹார்னுக்கு 42, இண்டியானா ஜோன்ஸுக்கு 46. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் அவன் உயரத்தைக் குறித்த கோடுகளுக்குப் பக்கத்தில் தேதி இருக்காது, ராட்டினத்தின் பெயர்தான் இருக்கும். கேழ்வரகுக் கஞ்சியைக் கண்டால் ஓடிய பிள்ளை, “இதைக் குடிச்சா இண்டியானா ஜோன்ஸ்” என்றதும் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு இன்னொன்று கேட்டான். உயரம் போதாத குழந்தையோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறி வந்தபின் இவர் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடும் உண்டு. தம்பதிகள் தனித்தனியாகக் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருப்பதற்கு இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

இப்படி லாபம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் திருச்சி பொன்மலையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். விசாவில் ஆறு மாதம். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “வருஷத்துக்கும் சேத்தா? அப்ப சீசன் டிக்கெட்னு சொல்லு” என்று எடுத்த எடுப்பில் புரிந்துகொண்டார். ஆறு மாத விருந்தாளிக்கு ஒரு வருஷச் சீட்டு எதற்கு என்று மாப்பிள்ளை யோசிக்க, மலிவான ரகம் தென் கலிபோர்னியாவாசிகளுக்கு மட்டும்தான் என்ற சேதி வேறு வந்து சேர்ந்தது. அப்பாவின் விலாசம் திருச்சி–4. கடைசியில் மாப்பிள்ளையின் கணக்கு மாமனாருக்கு முன்னால் தோற்று, இரண்டு சீட்டு கூடுதலாக வந்தது.

முதல் நாள் காரை நிறுத்தும் கட்டடத்திலேயே அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாடிக்கு மாடி ஒரு கார்ட்டூன் பெயர். “திரும்பி வரும்போது மறக்காதீங்க மாமா, நம்ம கார் கூஃபியில” என்றார் மாப்பிள்ளை. “யார்கிட்ட குடுத்திருக்கீங்க?” என்றார் அப்பா.

வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் ஆகாது, வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. அம்மா கட்டிய புளியோதரை, தயிர் சாதம், மோர் மிளகாய் என்று ஒவ்வொரு சம்படமாகத் திறந்த காவலர், மோர் மிளகாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “எடுத்துக்கச் சொல்லு” என்றாள் அம்மா. நான் மொழிபெயர்க்கவில்லை. அமெரிக்காவில் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே ஒரு ஸ்டேஷன். அங்கே நிஜமான நீராவி எஞ்சின் ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அதோடு அப்பாவின் டிஸ்னிலேண்ட் முடிந்தது. இல்லை, தொடங்கியது.

1955 ஜூலை 17 அன்று பூங்கா திறந்தபோதே ஓடத் தொடங்கிய ரயில் அது. பூங்காவைச் சுற்றி வரச் சுமார் 20 நிமிடம். எஞ்சின்களில் ஒன்று 1894-இல் பால்டுவின் கம்பெனி செய்தது. ஒரு காலத்தில் லூசியானாவில் கரும்புத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறது. அப்பா தண்டவாளத்தைக் கண்ணால் அளந்தார். “மீட்டர் கேஜ்கூட இல்ல. மூணடிதான்” என்றார். சரிதான், மூன்றடிதான். நீலகிரி மலை ரயிலின் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பொன்மலைப் பணிமனை ஆளிடம் பொய் சொல்ல முடியுமா? எஞ்சின் ஓட்டுநரிடம் கையை ஆட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, “கோல்டன் ராக்! ஸ்டீம்!” என்று மூன்றே வார்த்தையில் தன் சரித்திரத்தைச் சொன்னார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். நாற்பது வரி விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இந்த எஞ்சின்கள் பயோடீசலில் ஓடியிருக்கின்றன என்றும், இங்குள்ள சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் அதற்குப் பயன்படுத்தினார்கள் என்றும் சொன்னபோது அப்பா மௌனமாகிவிட்டார். அம்மாதான், “பாத்தீங்களா, மிச்ச எண்ணெயில நான் அப்பளம் பொரிச்சா உடம்புக்கு ஆகாதுங்கிறீங்க. இவன் ரயிலே ஓட்டறான்” என்றாள்.

வால்ட் டிஸ்னிக்கே ரயில் பைத்தியம் உண்டு. பூங்கா கட்டுவதற்கு முன்பே, தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து ஓட்டக்கூடிய குட்டி நீராவி ரயில் ஒன்று போட்டிருந்தார். மனைவி லிலியனின் பூப்பாத்தி கெடக்கூடாது என்று அதற்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பாதையை விட்டார். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அந்த மனுஷர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. மிக்கி மவுஸை உருவாக்கியது, முழுநீளக் கார்ட்டூன் படம் எடுத்தது எதுவும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. “பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்காம லைன் போட்டிருக்கான் பாரு, அவன்தான் இன்ஜினியர்.”

அதன்பிறகு அப்பா வேறு எதிலும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே போவோம். அவர் ரயிலில் ஏறி உட்காருவார். சுற்றிச் சுற்றி வருவார். கிராண்ட் கேன்யனையும் டைனோசர்களையும் காட்டும் குகைக்குள் ரயில் நுழையும்போது கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று மாப்பிள்ளை மனக்கணக்குப் போடுவது முகத்திலேயே தெரியும்.

அம்மா கண்டுபிடித்தது ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து, 1966-இல் இங்கே கொண்டுவந்து வைத்தது. படகில் உட்கார்ந்தால் போதும், தேசம் தேசமாகப் பொம்மைகள் ஆடிப் பாடிக்கொண்டு நம்மைக் கடந்து போகும். “கொலுதான்டி இது. நாம நடந்து பாக்கறோம், இவன் தண்ணி விட்டு மிதக்க விட்டிருக்கான். சுண்டல்தான் காணோம்” என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அந்தப் பாட்டு ஒருமுறை காதில் விழுந்தால் வாரக்கணக்கில் வெளியே போகாது என்பது உலகறிந்த விஷயம். அம்மா இட்லிக்கு அரைக்கும்போது அதை முணுமுணுப்பாள், என்ன ராகம் என்றுதான் பிடிபடவில்லை.

வருஷச் சீட்டின் ருசி என்ன என்று எனக்குக் காட்டியவர்கள் இவர்கள் இருவரும்தான். ஒரு நாள் டிக்கெட்டில் வந்தவர்களைப் பாருங்கள். கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்று, கையில் போன், முதுகில் குழந்தை, ஓட்டமான ஓட்டம். மதியத்துக்குள் ஒரு பிள்ளை அழும், மாலைக்குள் கணவனும் மனைவியும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி அது. எங்களுக்கு அது கிடையாது. மெயின் ஸ்ட்ரீட்டில் உட்கார்ந்து, போகிற வருகிற கூட்டத்தை வேடிக்கை பார்த்து, ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் சும்மா வாங்கிக் குடித்துவிட்டு, வாணவேடிக்கைக்கு முன்பே வீடு திரும்பிய நாட்கள் உண்டு. என் கணவர் மட்டும் இன்னும், “எதிலயும் ஏறாமலா போறது?” என்று புலம்புவார். அவருக்குக் கணக்கு வரும், சும்மா இருக்க வராது.

அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பியபோது அவர்கள் சீட்டில் பாதி வருஷம் மிச்சம் இருந்தது. மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. பணிமனை நண்பர்களிடம் அப்பா, “அமெரிக்காவுல என்கிட்ட சீசன் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்த ஒரு வாக்கியத்துக்கு எக்செல்லில் எத்தனை டாலர் போடலாம் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். பதில் இல்லை. ஆனால் அடுத்த வருஷச் சீட்டை மறுபேச்சில்லாமல் அவர்தான் புதுப்பித்தார்.

இப்போதெல்லாம் ஊரிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் தூரத்துச் சொந்தங்கள் போன் செய்து, “டிஸ்னிலேண்ட் பக்கத்துலதானே இருக்கீங்க?” என்று ஆரம்பிக்கிறார்கள். தாராளமாக வாருங்கள். வழி காட்டுகிறோம், புளியோதரை கட்டுகிறோம், அப்பாவின் ரயிலில் இடம் பிடித்துத் தருகிறோம். உங்கள் டிக்கெட் உங்கள் செலவு. கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் வேண்டாம், அப்போது எங்கள் சீட்டு செல்லாது.