ஐயாயிரம் ரூவாய் பூசணிக்காய்

வாடே மருமவனே, உக்காரு. சம்மணம் போட வரலையா? அப்ப திண்ணையிலயே சாஞ்சுக்கோ. அறுப்பின் பண்டிகைக்குன்னு சென்னையில இருந்து காரு போட்டு வந்திருக்க. ரெண்டு நல்ல வார்த்தை சொல்லாம அனுப்புனா ஒங்க அம்மை என்னைச் சும்மா விட மாட்டா.

காலையில கோயில்ல சாட்சி சொன்னியே, கேட்டேன். வீடு கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம், காரு கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம், மகளுக்கு சீட்டு கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருக்கு. 'எனக்கு'ங்கிறது பதினாலு இடத்துல வந்துச்சு. கர்த்தர் மூணு இடத்துல வந்தாரு. போன வருசம் ரெண்டுதான். முன்னேத்தம் தெரியுது.

நீ வாங்கிப் போட்ட மின்விசிறியும் அருமை. மூணு றெக்கையிலயும் 'அன்பளிப்பு'ன்னு போட்டு ஒம் பேரு. சுத்தும்போது ஒரு எழுத்தும் தெரியல, கரண்டு போனாத்தான் தெரியுது. வேர்த்து வடியுற நேரம் சபையே அண்ணாந்து பாத்து ஒன்னை நெனைச்சுக்கிடுது. டோனாவூர்ல ஏமி கார்மைக்கேல் அம்மா அடக்கமான இடத்தைப் பாத்திருக்கியா? 1931ல குழியில விழுந்து அடிபட்டாவ, அதுக்குப் பொறவு இருபது வருசம் பெரும்பாலும் படுக்கைதான். எனக்குக் கல்லறைக் கல்லு வைக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் 1951ல கண்ணை மூடினாவ. வளத்த பிள்ளைகளுக்கு மனசு கேக்கல, குருவி தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வச்சாவ. அதுக்குக் கரண்டு போனா என்ன, வந்தா என்ன?

ஐயர் இன்னைக்கு அந்தப் பத்து குஷ்டரோகி பிரசங்கம்தான் பண்ணாரு. ஒம்பது பேரையும் போட்டு வறுத்து எடுத்துட்டாரு. எனக்கென்னவோ அவனுவ மேல கொஞ்சம் பாவம் உண்டு. கர்த்தர் ஆசாரியங்கிட்ட போய்க் காட்டுங்கன்னாரு, போனானுவ. சொன்ன சொல்லைத் தட்டலையே! நம்ம சொந்தக்காரனுவதான், விட்டுக்குடுக்கப்படாது. ஆனா அந்த ஒத்தச் சமாரியன் இருக்கான் பாரு, போற வழியிலயே தோலு சொகமானதைப் பாத்தான், திரும்பிட்டான். மைக் இல்லாமலே சத்தம் போட்டு ஸ்தோத்திரம் பண்ணான். வாயோட காலும் சேந்து நடந்துச்சு, அதான் சங்கதி.

ஒனக்கும் திரும்பிப் போக ஒரு வழி கெடக்கு. தெக்குத் தெரு பனையேறியை ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஓலைப் பட்டையில பதனி ஊத்தி, ரெண்டு நுங்கை நோண்டிப் போட்டு, "குடிடே"ன்னு நீட்டுவானே. ஒரு பைசா வாங்கினது கெடையாது. அவன் மரத்துல இருந்து விழுந்து ரெண்டு வருசம் ஆச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. நார்க்கட்டில்ல கெடந்து கூரையைப் பாத்துக்கிட்டிருக்கான். நான் போனா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான்: "பாளை விட்டிருச்சா?" பொஞ்சாதி பக்கத்துல சொளவை மடியில வச்சுப் பீடி சுத்துதா. வந்தவங்கிட்ட பேசுவா, சிரிப்பா, கை மட்டும் நிக்காது.

கர்த்தரை நேசிக்கிறேன்னு சாட்சியை முடிச்ச பாரு, அங்கதான் எனக்கு இருமல் வந்துச்சு. பேதுருகிட்டயும் நேசிக்கிறியான்னுதான் கேட்டாரு. எப்பம் கேட்டாரு? ராத்திரி பூரா வெறும் வலையை இழுத்துட்டு, விடிஞ்ச பொறவு 153 மீனு கிடைச்சுக் கரைக்கு வந்தானுவளே, அப்பம். கரி நெருப்புல மீனும் அப்பமும் அவரே தயாரா வச்சிருந்து, தின்னு முடிச்ச பொறவுதான் பேச்சையே எடுத்தாரு. ஆமா ஆண்டவரேன்னவனைப் பாட்டுப் பாடச் சொல்லல, ஆட்டை மேய்க்கச் சொன்னாரு. அதுவும் மூணுதரம். நீதான் மூணுதரம் சொல்லுததுக்குள்ள ஏலத்தை முடிக்கிற கெட்டிக்காரனாச்சே!

ஏலம்னதும் ஞாபகம் வருது. கோயில் ஏலத்துல அந்தப் பூசணிக்காய்க்கு நாலாயிரத்து ஐநூறுன்னு வேப்பமரத்துக்குப் பின்னால இருந்து ஒருத்தன் கத்தினானே, யாருன்னு தேடினியே, அது நாந்தாண்டே. மடியில நாப்பது ரூவாதான் இருந்துச்சு. நீ விட மாட்டன்னு தெரியும், ஓடுறது எங்க வீட்டு ரத்தம்லா. நீ ஐயாயிரம்னு சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

சரி, அந்தக் காய் யாரு வீட்டுக் காய்னு ஒரு வார்த்தை கேட்டியா? பனையேறி பொஞ்சாதி கூரை மேல ஏத்திவிட்ட கொடியில பிடிச்சது. ஒத்தைக் காய்தான். கொழம்புக்கு ஆகும் தாயின்னு சொன்னேன், மொதக்காய் கோயிலுக்குன்னுட்டா. அன்னைக்கு ரெண்டு காசு போட்ட விதவையைக் கர்த்தர் சீஷங்களைக் கூப்பிட்டுக் காட்டினாரு. ஒனக்குக் காட்ட நான்தான் இருக்கேன், என்ன செய்ய?

வழியில அடிபட்டுக் கெடந்தவனைத் தூக்கிட்டுப் போன இன்னொரு சமாரியன், சத்திரக்காரன் கையில ரெண்டு பணம் குடுத்தான். திராட்சத்தோட்டத்துக் கதையில ஒரு நாள் கூலியே ஒரு பணம்தான். அப்ப ரெண்டு நாள் கூலி. மேல செலவானா திரும்பி வரும்போது தாரேன்னும் சொல்லிட்டுப் போனான். ஒனக்கு ரெண்டு நாள் சம்பளம் எவ்வளவுன்னு நான் கேக்கல. நீயே கணக்குப் போட்டுக்கோ.

காய் டிக்கியிலதானே கெடக்கு? எடுத்துத் தோள்ல வச்சுக்கோ. அந்தச் சந்துக்குள்ள காரு போவாது, நடந்துதான் போவணும். கட்டில் ஓரத்துல உக்காந்திராத, நாரு தொங்கிப்போச்சு. தரையில உக்காரு. பீடி இலையை மிதிச்சிராத.