டாக்டர், கையைக் காட்டுங்க!

கே: கை கழுவுவது எல்.கே.ஜி. பாடம். அதை டாக்டருக்கும் நர்ஸுக்குமா நடத்துவது?

ப: எல்.கே.ஜி.யில் சாப்பாட்டுக்கு முன், பின் என்று முடித்துவிடுவார்கள். வார்டில் உலக சுகாதார நிறுவனம் 5 தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன், ஊசி, டியூப் போடும் முன், ரத்தம், சிறுநீர் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டிலையோ மேசையையோ தொட்ட பின். கடைசியில்தான் தகராறு: “ஆளைத் தொடவே இல்லையே!” கட்டில் கம்பியில் இருக்கும் கிருமி அந்த வாதத்தைக் கேட்பதில்லை.

கே: கை கழுவுவதன் பலனை முதலில் நிரூபித்தவருக்கு மாலை மரியாதை கிடைத்திருக்குமே?

ப: கிடைத்தது வசவு. வியன்னா பொது மருத்துவமனையில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிட அதிகத் தாய்மார்கள் காய்ச்சலில் இறந்தார்கள். டாக்டர்கள் பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவத்துக்கு வருகிறார்கள் என்பதைக் கவனித்த அங்கிருந்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ், 1847-இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு, சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. “எங்கள் கையா அழுக்கு?” என்று பெரிய டாக்டர்கள் முறைத்தார்கள். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். கணக்கு சரி, வாத்தியார் சரியில்லை. 1865-இல் மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

கே: சோப்பா, சானிடைசரா?

ப: கண்ணுக்குத் தெரியும் அழுக்கு என்றால் சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 வினாடி. இல்லையென்றால் சானிடைசர், 20 முதல் 30 வினாடி.

கே: கையுறைதான் இருக்கிறதே?

ப: ஒரே கையுறையோடு 2 நோயாளிகளைத் தொட்டால், அது காப்பாற்றுவது மாட்டியிருப்பவரை மட்டும். கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கே: வகுப்பு எடுத்தால் திருந்திவிடுவார்களா?

ப: வகுப்பு மட்டும் போதாது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் டிடியே பிட்டேயின் குழு, வாஷ்பேசினைத் தேடி ஓட வேண்டாம் என்று சானிடைசரைக் கட்டிலருகே கொண்டுவந்தது; யார் எத்தனை தடவை செய்கிறார்கள் என்று கண்காணித்து, அவர்களிடமே சொன்னது. 1994-இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997-இல் 66 ஆனது. ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய் 16.9 சதவீதத்திலிருந்து 9.9-க்கு இறங்கியது. முன்னேறியவர்கள் நர்ஸுகள். டாக்டர்கள்? கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே. சீஃப் டாக்டர் கை கழுவாத வார்டில் ஹவுஸ் சர்ஜனுக்கு நீங்கள் எந்தப் படத்தை ஓட்டிக் காட்டியும் பலனில்லை.

கே: ஒழுங்காகத் தேய்த்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஒளிரும் திரவத்தைத் தேய்க்கச் சொல்லி, புற ஊதா விளக்கில் கையை நீட்டச் சொல்வார்கள். தேய்க்காத இடம் இருட்டாகத் தெரியும். பெரும்பாலும் கட்டைவிரல், விரல் நுனி. பரிசோதிக்க நோயாளியைத் தொடுவதும் அந்த விரல் நுனிதான்.

கே: நான் நோயாளி. “கை கழுவினீங்களா டாக்டர்?” என்று கேட்கலாமா?

ப: தாராளமாக. கூச்சமாக இருந்தால் கூட இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படியே அவருடைய கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.